உலர் உணவுப் பொதி தருகிறோம் என்று காசு கேட்டால் கட்டாதீர்கள் – திருகோணமலை ஆட்கள் கவனம்

வயதான அம்மா, அப்பா, அம்மம்மாவை வைத்துப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். 6,500 ரூபாய் போய்விட்டது. அதில் 5,000 அம்மம்மாவின் முதியோர் கொடுப்பனவு, மிச்சம் நான் போட்டது.

உதவி அமைப்பு என்று சொல்லிக்கொண்டு சமூக வலைத்தளத்தில் நடக்கும் ஒரு பக்கம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களின் பணத்தில் 70 வயது தாண்டியவர்களுக்கு ஆறு மாதம் உலர் உணவுப் பொதி கொடுக்கிறார்களாம், பதிவுக்கும் லொறிக் கூலிக்கும் மட்டும் 6,500 கட்ட வேண்டுமாம். அரிசி, பருப்பு, மீன்டின் நிறைந்த பொதிகளை வயதானவர்கள் வாங்குகிற படங்கள் வேறு.

அதைப் பார்த்தும் நான் கட்டவில்லை. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். எங்கள் ஊர்ப் பேச்சு. "அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கா அக்கா? அப்ப வெள்ளை அரிசி வேண்டாம், சிவப்பரிசியும் குரக்கன் மாவும் போடச் சொல்லுறன். கடலை சப்புவாவா, பல்லு இருக்கா?" சொந்தக்காரரே இப்படிக் கேட்பதில்லை. அந்த இடத்தில்தான் நம்பினேன். அன்றைக்கே வங்கியில் கட்டினேன். அந்தப் பிள்ளை நல்லா இருக்கவேணும் என்று பத்திரகாளி அம்மனுக்கு விளக்கு வைக்கச் சொன்னா அம்மம்மா.

பொதி வரவில்லை. கேட்டால் லொறி ஹபரணையில் பழுதாகி நிற்கிறது என்றார்கள். பிறகு கந்தளாயில் பொதி பிரிக்கிறார்கள் என்றார்கள். அதே பிள்ளை, "அது வேற பகுதி அக்கா, நான் பதிவு மட்டும்தான்" என்று வைத்துவிட்டாள். அடுத்து எடுத்த ஆண் கேட்கிறார்: "இலவசமாத் தாறதுக்கு இவ்வளவு அவசரமா?" இலவசமா? 6,500 ரூபாய் வாங்கி வைத்துக்கொண்டு! வாசலில் ஓட்டோ நின்றால் "பொதி வந்திட்டா?" என்று அம்மம்மா இன்னும் கேட்கிறா. அவவின் இந்த மாத அரிசியும் பால்மாவும் கடையில் கடன்.

கடைசியில், அம்மம்மாவின் வங்கி அட்டை இலக்கமும் போனுக்கு வரும் ஓடிபி என்ற இரகசிய இலக்கமும் தந்தால் காசைத் திருப்பிப் போடுகிறோம் என்றார்கள். முடியாது என்றதும் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள்.

உண்மையான உதவியை எங்கே, எப்படிக் கேட்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு, முதியோர் கொடுப்பனவு இரண்டுக்கும் கிராம அலுவலரிடம் அல்லது பிரதேச செயலகத்தில் கேளுங்கள். விண்ணப்பிக்கக் காசு கட்டத் தேவையில்லை. 70 தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு 3,000 ஆக இருந்த முதியோர் கொடுப்பனவை 2025 இல் 5,000 ஆக்கினார்கள். உங்கள் வீட்டில் தகுதி உள்ளவருக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். சாப்பாடு தருகிறவர் முதலில் காசு கேட்டால் போனை வையுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். காசு கட்டிய சீட்டை எறியாதீர்கள்.

பாலையூற்று, அன்புவழிபுரம், உவர்மலைப் பக்கம் வேறு யாரும் இப்படி 6,500 கட்டியிருந்தால் சீட்டை எடுத்துக்கொண்டு என்னோடு பொலிசுக்கு வாருங்கள். நான் முறைப்பாடு எழுதி வைத்துவிட்டேன்.