பேனர் அடிக்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அக்கா மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் என்ற முறையில் வாசல் பேனர் என் பொறுப்பு. பத்துக்கு நாலு அடி ஃபிளெக்ஸ், டிசைனோடு சேர்த்து 1,400 ரூபாய். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துத் தொலைத்தேன். வாட்ஸ்அப்பில் வந்த மாதிரிப் படம் கண்ணைப் பறித்தது: வெளிர் மஞ்சள் பின்னணி, வெள்ளை எழுத்தில் பிள்ளையின் பெயர், சுற்றிலும் தடித்த அரக்குக் கரை, அடியில் மெல்லிய நிழல். அடித்துவிடுங்கள் என்றேன்.

விழா அன்று காலை மண்டப வாசலில் கட்டிய பிறகு பார்த்தால் பெயரைக் காணவில்லை. கிட்டே போனால் தெரிகிறது. தெருவில் நின்று பார்த்தால் வெள்ளை மஞ்சளில் கரைந்துவிடுகிறது. அரக்குக் கரை நூலாக இளைத்திருந்தது. அதே தெருவில் இன்னொரு மண்டபம் உண்டு. பெரியப்பா அங்கே போய் உட்கார்ந்து காபியும் குடித்துவிட்டு, “எங்கேடா ஒருவரையும் காணோம்?” என்று போன் செய்தார்.

மறுநாள் கடையில் கேட்டேன். “மிஷின் அப்படித்தான் சார் அடிக்கும். நீங்கள் ஓகே சொன்ன டிசைன்தானே?” என்றார் டிசைனர். நானும் நம்பியிருப்பேன். கூட வந்த சித்தப்பா மகன் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவன். கோப்பைத் திறக்கச் சொன்னான்.

எனக்கு அனுப்பிய மாதிரிப் படம் 1,080 பிக்சல் (படத்தின் புள்ளிகள்) அகலம். அச்சுக்கு அதையே எட்டு மடங்கு பெருக்கி 8,640 ஆக்கியிருக்கிறார்கள். எழுத்து வளர்ந்தது, கரையும் நிழலும் வளரவில்லை. ஃபோட்டோஷாப்பில் டிசைனின் ஒவ்வொரு பகுதியும் தனி அடுக்கு, அதாவது லேயர்; இவை அந்த லேயரின் மேல் போர்த்தும் எஃபெக்டுகள். அவற்றின் அளவு தனியாகப் பிக்சல் கணக்கில் நிற்கும். தம்பி பெயர் லேயரின் எஃபெக்டை இருமுறை தட்டினான். ஸ்ட்ரோக், அதாவது கரையின் தடிமன், 6 பிக்சல். மாதிரியிலும் 6, பேனரிலும் 6. 48 ஆகியிருக்க வேண்டும். அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று வைத்த கோப்பு அது. 17 மில்லிமீட்டர் வர வேண்டிய கரை 2 மில்லிமீட்டரில் நின்றுவிட்டது.

ஃபோட்டோஷாப்பில் படத்தின் அளவை மாற்றும் இமேஜ் சைஸ் பெட்டியின் மேல் மூலையில் ஒரு பற்சக்கரக் குறி இருக்கிறது. அதற்குள் ‘ஸ்கேல் ஸ்டைல்ஸ்’: எஃபெக்டுகளையும் படத்தோடு சேர்த்துப் பெருக்கச் சொல்வது. அதில் டிக் இல்லாமல் அளவை மாற்றினால் இப்படித்தான் ஆகும். லேயரை மட்டும் கன்ட்ரோல்-டி போட்டு இழுத்துப் பெரிதாக்கினாலும் இதே கதை. செய்த பிறகும் மீட்க வழி உண்டு: லேயர் மெனுவில் லேயர் ஸ்டைல், அதற்குள் ஸ்கேல் எஃபெக்ட்ஸ், 800 சதவீதம். டிசைனரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து செய்து காட்டினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; பெயர் பளிச்சென்று எழுந்து வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

வாட்ஸ்அப் மாதிரிக்குத் தலையாட்டாதீர்கள். அச்சுக்குப் போகும் கோப்பையே கடையில் திறக்கச் சொல்லி, பெயர் இருக்கும் இடத்தைத் திரையில் 100 சதவீத ஜூமில் பாருங்கள். பேனர் டிசைனைச் சுருக்கி அழைப்பிதழ் அடிப்பவர்களுக்குத் தொல்லை தலைகீழாக வரும்: கரை தடித்து, ணகரத்தின் சுழிகளெல்லாம் அடைபட்டுவிடும்.

பணம் திரும்பவில்லை. அடுத்த விழாவுக்குப் பாதி விலையில் அடித்துத் தருவதாகச் சொன்னார் உரிமையாளர். பிள்ளைக்குக் காது ஒரு தடவைதான் குத்துவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.