திரும்ப வாசிப்பதா, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதா?

மண்டபம், பாம்பன் பக்கம் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகளே, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் பழகிவிடும்; பழகியதையே ‘தெரியும்’ என்று மனம் எடுத்துக்கொள்ளும். ஏமாறுவது அங்கேதான்.

மூடிவைத்து எழுதுவது கஷ்டம். ஆனால் தேடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் நினைவு வலுக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரத்தில் நிலைமை தலைகீழ்: நாலு சுற்று வாசித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், ஒரு சுற்று வாசித்து மூன்று சுற்று எழுதியவர்களுக்குச் சுமார் 61.

‘பாம்பன் பழைய ரயில் பாலம் திறந்த ஆண்டு?’ என்று அட்டையில் எழுதி, பின்பக்கம் 1914 என்று குறியுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் கேட்டுப் பாருங்கள். விடையை உடனே சரிபாருங்கள். இல்லாவிட்டால் தப்பே பதிந்துவிடும். சில நிமிடங்களில் தேர்வு என்றால் மட்டும் திரும்ப வாசிப்பது கைகொடுக்கும்.