பள்ளத்தூர் வீடும் காரைக்குடி வக்கீலும்: பத்துக்கு ஏழரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வக்கீல் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வக்கீல்கள் தொழிலுக்கு விளம்பரம் தேடக்கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. "நல்லதா எழுதினாலும் என் பேரு வேண்டாம்மா" என்று அவரே சொல்லிவிட்டார். கொஞ்சம் குறையும் எழுதப் போகிறேன் என்பதால் எனக்கும் அதுதான் வசதி.

நான் கல்யாணப் பலகாரம் போடுகிறவள். சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம், மாவுருண்டை. கோட்டையூரில் பதினாறு வருஷம் வாடகை வீடு. வீட்டுக்காரம்மாவுக்குப் புகை ஆகாது, எனக்கு விறகடுப்பு இல்லாமல் ஆகாது. பின்கட்டும் கிணறும் இருக்கிற வீடாகத் தேடி, கடைசியில் பள்ளத்தூரில் அமைந்தது. நீங்கள் நினைக்கிற மாதிரி பர்மாத் தேக்குத் தூண் வைத்த பெரிய வீடு இல்லை. இரண்டே கட்டு, முன்னால் ஆத்தங்குடிக் கல் பதித்த சின்னப் பட்டாலை, பின்னால் மூன்று அடுப்பு போடுகிற அளவுக்கு இடம். விலை 24 லட்சம். கையில் இருந்த நகையை வைத்து 5 லட்சம் முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் கிரைய ஒப்பந்தம் போட்டோம். அது 2024 ஆவணி. பத்திரம் பதிந்தது 2025 சித்திரை. மூன்று மாதம் எட்டு மாதமான கதையைத்தான் இந்த விமர்சனத்தில் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் நேரே பத்திர எழுத்தரிடம் போகச் சொன்னார்கள். போய்க் கேட்டேன். ஒருவர் சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்றார். இன்னொருவர் பட்டியலில் "இதர செலவு" என்று ஒரு வரி இருந்தது; என்ன செலவு என்று கேட்டால் சிரித்தார். இந்த வக்கீல் அப்படி இல்லை. மூலப்பத்திரம் பார்த்து, வாங்கலாமா என்று ஒப்பீனியன் எழுதுவதிலிருந்து பதிவு முடிந்து பட்டா மாறுகிறவரை 25,000 ரூபாய், மூன்று தவணை. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டே கொடுத்தார். கடைசிவரை அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. இதற்கே முழு மார்க்.

முதல் நாள் போனபோது விற்கிறவர்கள் பக்கத்துப் பெரியவரும் கூட வந்திருந்தார். வீடு அவருடைய அம்மா 1962-ல் தன் பெயரில் கிரயம் வாங்கியது. அந்த அம்மா 1991-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பெரியவர் ரொம்பச் சாதாரணமாக, "பொம்பளைப் பிள்ளைகளுக்கெல்லாம் சீர் செஞ்சு அனுப்பியாச்சு. அண்ணன் தம்பி வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். வக்கீல் பதில் சொல்லவில்லை. மேஜையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் மேலே ஒரு வட்டம் போட்டு "அம்மா" என்று எழுதினார். கீழே ஆறு கோடு. "ஒவ்வொண்ணா சொல்லுங்கண்ணே, யார் இருக்கா, யார் இல்லை."

ஆறு பிள்ளைகளில் நாலு பேர் இருக்கிறார்கள். 1991-க்கு அப்புறம் ஒரு மகனும் ஒரு மகளும் தவறிவிட்டார்கள். மகன் கோட்டுக்குக் கீழே மனைவி, இரண்டு பிள்ளைகள். மகள் கோட்டுக்குக் கீழே கணவர், மூன்று பிள்ளைகள். எண்ணிப் பார்த்தால் பதினோரு கையெழுத்து. இருக்கிற நாலு பேரில் ஒரு ஆச்சி மலேசியாவில், ஈப்போவில்.

பெரியவருக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. 1989-ல் வந்த சட்டம், 2005-ல் வந்த சட்டம் என்று ஏதோ சொல்லி, அதெல்லாம் நம் வீட்டுக்குப் பொருந்தாது என்று வாதாடினார். "அண்ணே, அந்த ரெண்டும் பூர்வீகச் சொத்துல பொண்ணுங்களுக்குப் பங்கு கொடுத்தது. இது உங்க அம்மா வாங்கின சொத்து. இதுக்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே மகனும் மகளும் சமம். சீர் செஞ்சது வேற கணக்கு." இதைச் சொல்லும்போது வக்கீல் குரல் உயரவே இல்லை. எனக்கு அன்றைக்கே 25,000 ஜீரணமாகிவிட்டது. பத்திர எழுத்தரிடம் போயிருந்தால் அண்ணன் தம்பி வீட்டுக் கையெழுத்தோடு மட்டும் பதிந்திருப்பேன். நான் அடுப்பைப் போட்டு நாலு வருஷம் கழித்து ஒரு ஆச்சி வாசலில் வந்து நின்றிருப்பார்.

அடுத்து மூலப்பத்திரம். 1962 பத்திரம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பாதி "ஷெ" "ஷெ" என்றே போகிறது. மேற்படி என்பதற்கு அந்தக் காலத்துச் சுருக்கெழுத்தாம். சக்குபந்தி, அதாவது நான்கு எல்லை எழுதியிருக்கிற பகுதிக்கு வந்ததும் வக்கீல் விரலை வைத்து நிறுத்தினார். "ஏம்மா, கிணறு முழுசும் உங்களுதுன்னா சொன்னாங்க?" ஆமாம், அப்படித்தான் சொன்னார்கள். பத்திரத்தில் "கிணற்றில் சரிபாதி பாத்தியமும் அதற்குப் போக வர நடைபாதைப் பாத்தியமும்" என்று இருக்கிறது. மறு பாதி மேற்கு வீட்டுக்காரருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீலே பள்ளத்தூர் வந்து கிணற்றடியில் நின்று பார்த்தார். மேற்கு வீட்டார் பத்து வருஷமாகப் போர்வெல் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமே வருவதில்லை. ஆனாலும் வழியை மறித்து அடுப்பு போடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் மூன்று அடுப்பு இரண்டானது. வருத்தம்தான். ஆனால் வாங்கினதற்கு அப்புறம் தெரிந்திருந்தால் வருத்தம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

வில்லங்கச் சான்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் 1975-லிருந்து பார்த்துவிடலாம். என் மகளே செல்போனில் எடுத்துக் காட்டினாள், ஒரு பதிவும் இல்லை, சுத்தம். வக்கீல் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1962-லிருந்து 1974 வரை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு, பழைய புத்தகங்களைப் பார்த்துத் தரச்சொல்லி வாங்கினார். அதில் 1968-ல் ஒரு அடமானம். வயிற்றைப் பிசைந்தது. நல்லவேளை, 1971-ல் அதைத் தீர்த்த ரசீதும் அதே சான்றில் இருந்தது.

சரி, இப்போது செலவு. பத்திரத்தில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 24 லட்சத்துக்கு 1,68,000-மும் 48,000-மும், ஆக 2,16,000. இதில் பேரம் எதுவும் இல்லை. பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி 2025 ஏப்ரல் 1-லிருந்து வந்திருக்கிறது என்று ஆசையாகப் போய்க் கேட்டேன். 10 லட்சம் மதிப்பு வரைக்கும்தானாம். 10 லட்சத்துக்கு இந்தப் பக்கத்தில் பின்கட்டோடு வீடு கொடுத்தால் சொல்லுங்கள், இன்னொன்று வாங்குகிறேன். வக்கீலுக்கு 25,000. எங்கள் கிரயத்தில் ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று இரண்டு பத்திரிகையில் பொது அறிவிப்பு போட்டது 9,500. நகல், பழைய வில்லங்கம், சில்லறை எல்லாம் 1,800. ஆடிட்டருக்கு 3,000. இத்தனையும் கூட்டினால் 2,55,300.

இதில் வராத ஒரு செலவு நகைக்கடன் வட்டி. 5 லட்சத்துக்கு மாதம் 3,750. கெடு தாண்டின ஐந்து மாதத்துக்கு 18,750. எந்த வக்கீல் பட்டியலிலும் இந்த வரி இருக்காது, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

விற்கிறவர்களில் ஒரு தம்பி, பத்திரத்தில் 15 லட்சம் போட்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் எல்லாருக்கும் லாபம் என்று நடுவில் ஒரு யோசனை சொன்னார். அரசு வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போட்டாலும் அந்த மதிப்புக்குத்தான் தீர்வை கேட்பார்கள், வீட்டு விற்பனையில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கினவருக்கு அதே தொகை அபராதம் என்று வக்கீல் சொன்னதும் தம்பி டீ குடிக்கப் போய்விட்டார்.

இனி குறை. மலேசியாவில் இருக்கிற ஆச்சிக்கு வயது எழுபத்தெட்டு, வர முடியாது. ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போய் இந்தியத் தூதரகத்தில் அண்ணன் மகனுக்குப் பவர் எழுதி அனுப்பினார். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் காட்டித் தீர்வை கட்ட வேண்டும். அதையெல்லாம் வக்கீல் சரியாகத்தான் செய்தார். வாரிசுச் சான்றுகள் மூன்றும் தாலுகா அலுவலகத்திலிருந்து வந்துசேர தை ஆகிவிட்டது. அது அவர் தப்பில்லை. மாசியில் பதிவுக்கு நாள் பார்த்து, டோக்கன் போடுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் வருகிறது. "ஏம்மா, டான் நம்பர் வாங்கிட்டீங்களா?"

எனக்குப் பான் தெரியும். டான் என்றால் என்ன? அடுத்தவருக்குக் கொடுக்கிற பணத்தில் வரி பிடித்துக் கட்டுகிறவருக்கு வருமான வரித்துறை தருகிற எண்ணாம். விலை 50 லட்சத்துக்குக் கீழே இருந்தால் வாங்குகிறவர் வரி பிடிக்க வேண்டியதில்லை என்பது உள்ளூரில் இருப்பவர் விற்றால்தான். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் எத்தனை சின்னத் தொகையாக இருந்தாலும் பிடித்துக் கட்ட வேண்டும், அதற்கு அன்றைய விதிப்படி எனக்கு டான் வேண்டும், ஆச்சிக்குப் பான் வேண்டும். ஆச்சிக்கு ஏது பான்? பான் இல்லாவிட்டால் 20 சதவீதம். இருந்தால் 12.5 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ், ஆக 13. ஆச்சியின் ஆறில் ஒரு பங்கு 4 லட்சம். அதில் 52,000 பிடித்தம். ஈப்போவிலிருந்து ஆச்சி போனில் என்னைத்தான் கேட்டார்: "ஏண்டி, பலகாரக்காரி எனக்கு ஏன் வரி போடுறா?" பாவம், அவருக்கு நான் சொல்லி விளங்கவைக்கவே ஒரு வாரம். கணக்குத் தாக்கல் செய்தால் வரவேண்டியது திரும்ப வரும் என்று ஆடிட்டர் பேசின பிறகுதான் சமாதானம் ஆனார்.

பான் வர ஐந்து வாரம். அதற்குள் இன்னொன்று காலாவதி ஆகிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு சான்று காட்ட வேண்டும், அது 30 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆச்சி மறுபடியும் போய், தான் இருப்பதை நிரூபித்து அனுப்பினார். பெரியவரிடமிருந்து முதல் நாளே "ஈப்போ" என்ற வார்த்தை காதில் விழுந்தவுடன் வக்கீல் இந்த டான், பான் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டேன். "மறந்துட்டேம்மா, என் தப்புதான்" என்றார். ஒப்புக்கொண்டதற்கு அரை மார்க் திருப்பிக் கொடுத்தேன். வெட்டினது மூன்று, ஆகப் பத்துக்கு ஏழரை.

இன்னொரு உறுத்தல், அவருடைய ஜூனியர். நல்ல பையன், ஆனால் தட்டச்சில் அவசரம். வரைவுப் பத்திரத்தில் சர்வே எண்ணின் நடு எண்ணும் கடைசி எண்ணும் இடம் மாறிக் கிடந்தன. என் மகள் பட்டாவை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்ததால் தப்பித்தோம். இல்லாவிட்டால் பிழைதிருத்தல் பத்திரம் போட மறுபடியும் பதினோரு பேரைத் திரட்ட வேண்டும். யாரிடம் எழுதினாலும் வரைவை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்து, சர்வே எண், அளவு, சக்குபந்தி, இனிஷியல் நாலையும் பழைய தாளோடு ஒத்துப் பாருங்கள்.

பதிவு அன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அஷ்டமி வேண்டாம் என்று மூத்த ஆச்சி சொன்னதால் ஒரு நாள் தள்ளினோம். இரண்டு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கைரேகை, போட்டோ, சாட்சி இரண்டு பேர், எல்லாம் நாற்பது நிமிஷம். ஒரு ஆச்சிக்கு மட்டும் ரேகை விழவில்லை, வயசாகித் தேய்ந்துவிட்டது. விரலைத் துடைத்துத் துடைத்து ஐந்தாவது தடவை விழுந்தபோது வேனில் வந்தவர்கள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். கட்டடத்தை நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் பத்திரத்தைக் கையில் தந்தார்கள், அதற்குப் பன்னிரண்டு நாள்.

பட்டா இறந்துபோன அம்மா பெயரிலேயே இருந்ததால் தானாக மாறவில்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனுப்போட்டு, வாரிசுச் சான்றுகளை இணைத்து, ஏழு வாரத்தில் என் பெயருக்கு வந்தது. வீட்டு வரியும் மின் இணைப்பும் அதற்கப்புறம் சுலபம்.

போக நினைப்பவர்களுக்கு: ஆபீஸ் கல்லுக்கட்டிப் பக்கம், மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் கீழே இருந்தே போன் செய்தால் ஜூனியர் இறங்கி வருவான். பகலில் கோர்ட்டில் இருப்பார், போனை எடுக்கவே மாட்டார். மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள், பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காரத் தயாராக. குடும்பத்தில் யார் யார், எங்கே இருக்கிறார்கள், வெளிநாட்டில் யாருக்குப் பான் இருக்கிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு போய், டான் இப்போது வேண்டுமா என்று நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.