தரங்கம்பாடியில் ‘டேனிஷ் காலத்து வீடு’ என்று அறை எடுக்கும் முன்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு இரவுக்கு அறை வாடகை 4,800 ரூபாய். வழிகாட்டிக்கு 800. ஒரு ‘டேனிஷ் காசு’க்கு 1,500. ஆகமொத்தம் 7,100 ரூபாய். இவ்வளவுக்கும் எனக்குக் கிடைத்தது, ஒரு மின்விசிறிக்கு அடியில் மதியத் தூக்கம் அரை மணி நேரம்.

நான் நன்னிலம் பக்கத்துக்காரி. தரங்கம்பாடி எனக்குக் கண்காணாத தேசம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பூம்புகாரையும் தரங்கம்பாடியையும் ஒரே நாளில் காட்டிக் கூட்டிவந்தார்கள். புளிசாதமும் வேன் வாந்தியும்தான் நினைவில் இருக்கிறது. அதனால்தான் நாற்பது தாண்டிய பிறகு, தனியாக ஊர் சுற்றும் பழக்கம் வந்த பிறகு, நிதானமாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசை. ஏமாறுவதெல்லாம் வெளிமாநிலத்துக்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் நடக்கிற விஷயம், சொந்த மண்ணில் நமக்கென்ன என்று ஒரு தைரியம்.

தனியாகப் போகிறவள் என்பதால் எனக்கென்று சில விதிகள் வைத்திருக்கிறேன். பெரிய ஓட்டலுக்குப் போகாமல் உள்ளூர்க்காரர் வீட்டில் தங்குவது, நடுவில் இருக்கும் செயலிக்குக் கமிஷன் போகாமல் பணத்தை நேராக அவர் கையில் கொடுப்பது, அன்றாடங்காய்ச்சிகளிடம் பேரம் பேசாமல் இருப்பது, கேட்காமல் யாரையும் படம் எடுக்காமல் இருப்பது, போன இடத்தில் முகம் சுளிக்காமல் இருப்பது. நல்ல விதிகள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் பிடித்துத்தான் என்னிடம் காசு கறந்தார்கள்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: கோட்டைக்கு எதிரே டேனிஷ் காலத்து வீடு, வெள்ளைத் தூண் வைத்த திண்ணை, கடலைப் பார்த்த அறை, பெண்களுக்கு மட்டும். கைப்பேசி எண்ணைக் கூப்பிட்டால் எடுத்ததும் ஒரு பெண் குரல். “தைரியமா வாங்கக்கா, நானே கூட இருப்பேன். ராத்திரிக்கு மீன் குழம்பு வெச்சுத் தரேன்.” செயலி வழியாக வேண்டாம், நேராக அனுப்பினால் 300 ரூபாய் குறையும் என்றார். குறையாவிட்டாலும் நேராகத்தான் அனுப்பியிருப்பேன். முழுத் தொகையும் யுபிஐ-யில் அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் ‘ஓகே அக்கா’ என்று வந்தது. ரசீது அவ்வளவுதான்.

மயிலாடுதுறையில் பஸ் மாறி, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் போய் இறங்கினேன். அக்கா வரவில்லை. முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் பைக்கில் வந்து, “அவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க மேடம், நான் தம்பி” என்றார். ஆட்டோ பிடித்து அவர் பின்னாலேயே போனேன். தரங்கம்பாடியில் ஊருக்குள் நுழைய ஒரு பழைய வாசல் உண்டு. 1792-ல் டேனிஷ்காரர்கள், அதாவது டென்மார்க் நாட்டுக்காரர்கள், எடுத்துக் கட்டியது, வெள்ளையாக, டேனிஷ் அரச முத்திரையோடு நிற்கும். ஆட்டோ அந்த வாசலுக்குள் நுழையவே இல்லை. பொறையாறு பக்கம் திரும்பி, ஒரு சந்துக்குள் புகுந்து, ரோஜாப்பூ நிறத்தில் சுண்ணாம்படித்த புது மாடி வீட்டு முன்னால் நின்றது. கேட்டால், கோட்டை எதிரே இருக்கும் வீட்டில் ஒழுகுகிறதாம், இதுவும் அவர்கள் வீடுதானாம். “நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கங்க மேடம்.”

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். வந்த இடத்தில் முகம் சுளிக்கக் கூடாது என்று பேசாமல் உள்ளே போனேன்.

அறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தனியாகப் போகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். கதவில் உள்தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார் தம்பி. தாழ்ப்பாள் எந்த ஊரில் ரிப்பேருக்குப் போகும்? குளியலறைக் கதவின் கொக்கி மாட்டினால் நிற்கவில்லை. ஒரு சுவரில் மர பீரோ. அதன் பின்னால் பக்கத்து அறைக்குப் போகும் கதவு. பீரோ ஒரு கையால் தள்ளினால் நகர்கிறது. சாவி கேட்டதற்கு, “ஒண்ணுதான் இருக்கு மேடம், கூட்டிப் பெருக்கணும்ல, எங்ககிட்டயே இருக்கட்டும்” என்று பதில்.

இவ்வளவும் மதியமே பார்த்தேன். பார்த்துவிட்டு நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து அரை மணி நேரம் தூங்கியும் எழுந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நாலு மணிக்கு ‘வழிகாட்டி’ வந்தார். வாடகையிலேயே சேர்த்தி என்று போனில் சொன்னதற்கு, நேரில் 800 ரூபாய். வயிற்றுப்பிழைப்பு என்று கொடுத்தேன். கோட்டை வாசலில் ஆரம்பித்தவர், வெள்ளைக்காரன் கட்டியது என்றார். எந்த வெள்ளைக்காரன்? டேனிஷ்காரர் ஓவ கெத்தே 1620-ல் இங்கே வந்து, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை அது. ஆங்கிலேயர் அதைக் கட்டவில்லை, 225 வருஷம் கழித்து வாங்கினார்கள். 1845-ல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டேனிஷ்காரர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். நாயக்கர் பொன்னோலையில் எழுதிக் கொடுத்த சாசனம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. ஊரை எழுதி வாங்க அவர்கள் அவ்வளவு சுத்தமாகப் பத்திரம் வைத்திருந்தார்கள்; நான் ஒரு அறையை எடுக்க ‘ஓகே அக்கா’வை வைத்திருந்தேன்.

அடுத்து சுரங்கம். கோட்டைக்கு அடியிலிருந்து தஞ்சாவூர் அரண்மனைக்குச் சுரங்கப்பாதை போகிறதாம். எந்தக் கோட்டைக்குப் போனாலும் சுரங்கம் இல்லாமல் நம் ஊரில் கதை முடியாது, தெரியும். ஆனால் இங்கிருந்து தஞ்சாவூர் எவ்வளவு தூரம், நடுவில் எத்தனை ஆறு, எத்தனை வாய்க்கால்! எங்கள் ஊரில் கக்கூஸ் குழிக்கு ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறி நிற்கும். இதில் குதிரை போகிற சுரங்கமாம். நான் தலையை ஆட்டினேன்.

கிங் ஸ்ட்ரீட்டில் சீயோன் கோயிலைக் காட்டி சீகன்பால்க் கட்டியது என்றார். அது 1701-ல் கட்டியது. ஜெர்மன் பாதிரியாரான சீகன்பால்க் கப்பலில் வந்து இறங்கியதே 1706 ஜூலை 9. அவர் எழுப்பியது எதிர்ப்பக்கம் இருக்கும் புது எருசலேம் கோயில், 1718-ல். அடுத்த வருஷமே இறந்து அதற்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். மணலில் விரலால் எழுதிப் பழகித் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்த மனிதர். அவரைப் பற்றி வழிகாட்டிக்குத் தெரிந்தது பெயர் மட்டும். திருத்தினால் அவர் மனசு நோகுமே என்று இதற்கும் வாயைத் திறக்கவில்லை.

பிறகுதான் காசு. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். பச்சை பூத்த செப்புக் காசு. மேலே கிரீடம், கீழே ஆங்கில ‘சி’ எழுத்துக்குள் ஏழு, பக்கத்தில் 1702. கடல் உள்வாங்கும்போது கரையில் கிடைத்ததாம், மகள் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டுமாம், இரண்டாயிரம். பேரம் பேசாத நான் பேசாமலே நின்றேன். அவரே 1,500-க்கு இறங்கினார்.

அந்த முத்திரை டென்மார்க்கின் ஏழாம் கிறிஸ்டியன் மன்னருடையது. அவர் பட்டத்துக்கு வந்ததே 1766-ல். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறையில் இருந்த என் சித்தப்பாவுக்கு மன்னர் யாரென்றெல்லாம் தெரிய வேண்டியிருக்கவில்லை. கையில் வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “இது அடிச்ச காசு இல்லம்மா, வார்த்தது. சுத்தி அரம் போட்ட தடம் தெரியுது பாரு. பச்சையெல்லாம் போன மாசம் ஏத்துனது.” இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அது நிஜக் காசாகவே இருந்திருந்தாலும் நான் வாங்கியது தப்பு. நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளை உரிமம் இல்லாமல் விற்றுத் தொழில் பண்ணக் கூடாது என்று 1972-லேயே சட்டம் இருக்கிறது. ஆக, கடற்கரையில் யார் காசை நீட்டினாலும் ஒன்று போலி, இல்லை குற்றம்.

வழிகாட்டி போன பிறகு கோட்டை எதிரே நின்று கைப்பேசியில் அந்த விளம்பரத்தை மறுபடி எடுத்தேன். படத்தில் இருந்த வெள்ளைத் தூண்கள் கண்ணெதிரே நின்றன. டேனிஷ் ஆளுநர் மாளிகை! அரசாங்கக் கட்டடம். அதன் வாசல் படத்தைப் போட்டுத்தான் ‘எங்கள் திண்ணை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

கரையில் ஒரு அம்மா கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். நான் நின்ற நிலையைப் பார்த்தே பேச்சுக் கொடுத்தார்.

“ஏம்மா, தனியாவா வந்த? எங்க தங்கியிருக்க?”

சந்தின் அடையாளம் சொன்னேன். கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“ராத்திரி அங்க இருக்காத. இருட்டறதுக்குள்ள திருக்கடையூருக்கு பஸ் ஏறிடு. அங்க கல்யாணக் கூட்டம் இருக்கும், பயமில்ல.”

ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சந்துக்குப் போய்ப் பையை எடுத்தேன். தம்பியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒரு இரவுக்காவது கொடுங்கள் என்றேன். “அட்வான்ஸ் திரும்பாது மேடம். தனியா வர்ற பொம்பளைங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.” முதன்முறையாகக் குரலை உயர்த்தினேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் உடனே இரண்டடி பின்வாங்கி, பையைத் தூக்கித் தருவதாகச் சொன்னார். மதியமே கத்தியிருக்கலாம்.

திருக்கடையூர் ஏழெட்டு கிலோமீட்டர்தான். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்கும் ஊர் என்பதால் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. “கூட யாரு?” என்று கேட்டார் வரவேற்பில் இருந்த பெரியவர். யாருமில்லை என்றேன். ஆதாரைப் பார்த்துவிட்டு, பக்கத்து அறைகளில் கல்யாணக்காரர்கள், நாலு மணிக்கே சத்தம் இருக்கும், பரவாயில்லையா என்றார். தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலை நாதஸ்வரம். அடுத்த அறை மருமகள் கேட்காமலே காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் பஸ்ஸில் திரும்பிப் போய் ஊரை ஒழுங்காகப் பார்த்தேன். கவுண்டரில் சீட்டு வாங்கிக் கோட்டை அருங்காட்சியகம், பிறகு குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது, மிச்சம் அலைக்கு எதிரே நிற்கிறது. அந்த அம்மாவைத் தேடினேன், கண்ணில் படவில்லை.

போகிறவர்கள் போங்கள், ஊர் அருமையான ஊர். ஆனால் பணம் அனுப்பும் முன் வீட்டுக்காரரை வீடியோ காலில் வரச் சொல்லி, ஊர் வாசலிலிருந்து வீடு வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உள்தாழ்ப்பாளையும் அதிலேயே காட்டச் சொல்லுங்கள்; சங்கடப்படாதீர்கள், ஒழுங்கானவர் சிரித்துக்கொண்டே காட்டுவார். ஒரு இரவுக்கு மேல் முன்பணம் வேண்டாம். வழிகாட்டி என்று வருபவரிடம் சுற்றுலாத்துறை அடையாள அட்டை கேளுங்கள். அவசரமென்றால் 112, பெண்கள் உதவிக்கு 181. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நான் அன்றிரவே லாட்ஜிலிருந்து அழைத்துப் புகார் எண் வாங்கினேன். ஐந்து வாரம் ஆகிறது, பணம் இன்னும் வரவில்லை.

விளம்பரத்தைப் பற்றியும் புகார் கொடுத்தேன், எடுத்துவிட்டார்கள். நேற்று வேறொன்று தேடும்போது மறுபடி கண்ணில் பட்டது. வீட்டுக்குப் புதுப் பெயர், புது எண், வாடகை 200 ரூபாய் கூடுதல். படத்தில் அதே ஆளுநர் மாளிகைத் தூண்கள்.