லினக்ஸுக்கு லைசென்ஸ் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், எனக்கு 3,200 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பழைய லேப்டாப் வைத்திருக்கும் வேலூர், குடியாத்தம்காரர்கள் தயவுசெய்து படியுங்கள்.

என் தங்கை பிளஸ் டூ படிக்கும்போது, 2012-ல், அரசாங்கம் கொடுத்த லேப்டாப். ஆன் செய்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்குமே, அதேதான். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு சிஸ்டம், பாஸ் அதில் ஒரு வகை. 2 ஜிபி ராம், விண்டோஸ் 7 திறக்கவே பத்து நிமிஷம். பொண்ணு பாடம் பார்க்க உதவட்டும் என்று வேலூரில் பழைய கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் ஒரு கடைக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன்.

அந்த ஆள் பின்பக்க மூடியைக் கழற்றி, ஃபேனில் அடைந்திருந்த தூசியைச் சின்ன பிரஷ்ஷால் அவ்வளவு பொறுமையாகத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "அண்ணா, லினக்ஸ் போட்டா புதுசு மாதிரி ஓடும், போட்டோவெல்லாம் முதல்ல என் ஹார்டு டிஸ்க்ல எடுத்து வச்சுட்டுதான் கை வைப்பேன்" என்றார். அந்தக் கையைப் பார்த்துத்தான் நம்பினேன். லைசென்ஸ் 1,800, பேக்கப் 700, இன்ஸ்டால் 700. மொத்தம் 3,200 ரூபாய், எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து திறந்தால் ஒரு போட்டோ இல்லை. அப்பா இருந்தபோது கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் எடுத்தவை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு மோர் ஊற்றுவார், அதற்கு வேறு எங்கேயும் காப்பி கிடையாது.

போன் செய்தால், "விண்டோஸ் ஃபைல் லினக்ஸ்ல தெரியாதுண்ணா" என்கிறார். பச்சைப் பொய். டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, லினக்ஸ் தாராளமாகப் படிக்கும், இங்கே அந்தப் பார்ட்டிஷனே இல்லை, மொத்த டிஸ்க்கையும் அழித்துவிட்டார். நேரில் போனால், "பையன்தான் பேக்கப் எடுத்தான், லீவுல இருக்கான், திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால், "எந்த லேப்டாப்?" அப்புறம் போனையே எடுக்கவில்லை.

கூட வேலை செய்பவரின் மகன்தான் பார்த்துச் சொன்னான், போட்டிருப்பது லுபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பழைய 32 பிட் பதிப்பு, 18.04. அதற்கு 2021-லேயே அப்டேட் நின்றுவிட்டது, இத்தனைக்கும் இது புதிய 64 பிட் லினக்ஸே ஓடக்கூடிய பிராசஸர். லுபுண்டு முழுக்க இலவசம், யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்துகொள்ளலாம். இதற்கா 3,200 ரூபாய்?

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. போட்டோக்களை நீங்களே பென்டிரைவில் எடுத்துவிட்டுக் கொடுங்கள். பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், இன்ஸ்டால் செய்யும் முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபைல் போய்விட்டால் அந்த மெஷினில் எதையும் சேமிக்காதீர்கள், மீட்க வழி இருக்கலாம். பில் கேளுங்கள். என்னிடம் 3,200-க்கு பில் இருக்கிறது, "பேக்கப்" என்று அவர் கையெழுத்திலேயே. நுகர்வோர் புகார் எண் 1915-க்குப் போன் செய்யப் போகிறேன்.