போனைத் திருப்பிக் கொடுத்த தியான இல்லம்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வந்துவிட்டால் கத்தோலிக்கக் கோயில் நோட்டீஸ் போர்டில் ஊசி குத்த இடம் இருக்காது. குணமளிக்கும் தியானம், விடுதலைத் தியானம், குடும்ப ஆசீர் தியானம் என்று ஆளாளுக்கு ஒரு பெயர். அதில் பாதி மேடையில் சாட்சி, கீழே கைதட்டல், வாசலில் எண்ணெய் பாட்டில் விற்பனை என்று முடிந்துவிடும். அதனால் தென் மாவட்டம் ஒன்றில், மலையடிவாரத்தில் இருக்கும் இந்தத் தியான இல்லத்துக்குப் பதிவு செய்தபோதும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. பெயர் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன்.

வெள்ளி சாயங்காலம் ஆரம்பித்து ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடிகிறது. ஆளுக்கு 1800 ரூபாய், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து. இரண்டு பேர் தங்கும் அறை, சுத்தமான கழிவறை, வெந்நீர் காலை ஆறு வரைக்கும்தான். கொசுவலை கிடையாது, கொசு உண்டு. உள்ளே நுழைந்ததும் போனை வாங்கி, பெயர் எழுதிய கவரில் போட்டு, ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

வெள்ளி இரவுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தவக்கால வெள்ளி, அதனால் சுத்தபோசனம், அதாவது இறைச்சி கூடாது. சரி, கஞ்சியும் துவையலும் இருக்கும் என்று போனால் சப்பாத்தி, பனீர் பட்டர் மசாலா, காளான் வறுவல், சேமியா பாயசம். இறைச்சி இல்லை, சட்டம் மீறப்படவில்லை, ஆனால் கல்யாண வீட்டு ரிசப்ஷனில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. மறுநாள் காலையில் தியானம் கொடுத்த சாமியாரே, அதாவது பாதிரியாரே, அதை மைக்கில் கிண்டல் செய்தார்.

அந்தச் சாமியாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு துறவற சபையைச் சேர்ந்தவர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், மைக் பிடித்தால் கத்தாதவர். முதல் உரையில் திருச்சபையின் ஐந்து ஒழுங்குகளை எடுத்துக்கொண்டார். ஞாயிறும் கடன் திருநாளும் (கட்டாயத் திருநாள்) பூசை காண்பது, வருடத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுவது) செய்வது, பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தில் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவது, ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) சுத்தபோசனம் அனுசரிப்பது, திருச்சபையின் தேவைக்குக் கொடுப்பது. நாம் எல்லாரும் முதல் நற்கருணைக்கான புதுநன்மை வகுப்பில் ஒப்பித்ததுதான். வருடம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம் என்பது 1215இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் போட்ட சட்டம், எண்ணூறு வருடமாக அதுதான் அடிமட்ட அளவு, "இது பாஸ் மார்க், முப்பத்தஞ்சு வாங்கிட்டு ஊர்வலம் போகாதீங்க" என்றார். ஒருசந்தி எல்லாருக்கும் கிடையாது, 18 வயதிலிருந்து 59 நிறையும் வரைதான், அதுவும் கட்டாயம் என்று பார்த்தால் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாள். சுத்தபோசனம் 14 வயதிலிருந்து. முன்வரிசையில் ஒரு பாட்டி, சர்க்கரை நோயாளி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தார். உரையைப் பாதியில் நிறுத்தி, "நீங்க போய் இட்லி சாப்பிட்டுட்டு வாங்கம்மா, நாங்க காத்திருக்கோம்" என்று அனுப்பி, அவர் திரும்பி வரும்வரை நிஜமாகவே காத்திருந்தார்.

அடுத்து பத்துக் கட்டளைகளில் ஏழாம் கட்டளை. (புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ. நண்பர்களுக்கு எட்டாவது. களவு செய்யாதே.) பொதுவாக நம் சாமியார்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிட்டு விபசாரம் பற்றிய ஆறாம் கட்டளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். இவர் தலைகீழ். எடுத்த எடுப்பிலேயே கேட்டது, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு லீவு போட்ட நாளுக்கு எவ்வளவு பிடித்தீர்கள் என்று. அப்புறம் கடைப் பையனின் ஓவர்டைம், பாகம் பிரித்தபோது தங்கச்சியிடம் வாங்கிய கையெழுத்து, நண்பனிடம் வாங்கி அவனும் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்ட கைமாற்று. கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கடவுளிடம் கூக்குரல் இடும் என்று பைபிளில் யாக்கோபு எழுதியதை வாசித்தார். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரன் சக்கேயு கதையில் எல்லாரும் மரத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம், பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலு மடங்கு என்று அவன் சொன்ன கணக்கை யாரும் ஞாபகம் வைப்பதில்லை என்றார்.

மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்துக்கு வந்தபோது அரங்கில் கொஞ்சம் நெளிந்தார்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை, அதாவது கொர்பான், என்று சொல்லிவிட்டுக் கை கழுவுகிறவர்களை இயேசு கண்டிக்கும் இடம். ஊர்த் திருவிழாக் கொடிமரத்துக்கு லட்சம் கொடுத்துக் கல்வெட்டில் பெயர் பொறித்தவர், அம்மாவின் மாத்திரைச் செலவை அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பங்கு போட்டுப் பைசா கணக்குப் பார்த்தால், அந்த லட்சம் யாருடைய பணம் என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒருவரை எனக்கு உடனே ஞாபகம் வந்தது. எல்லாருக்குமே அவரவர் ஊரில் ஒருவர் ஞாபகம் வந்திருப்பார்.

உரை முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டுத் தாள். ஏ4 தாளை நாலாகக் கிழித்தது, கையால் கோடு போட்டு ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள், மூன்றே கட்டம்: யாருக்கு, எவ்வளவு, எப்போது. யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள், உங்களுக்காக எழுதுங்கள். பணம் மட்டும் இல்லை, ஒருவர் பெயரைக் கெடுத்திருந்தால் அதுவும் திருப்பித் தர வேண்டிய பொருள்தான், யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே போய் மாற்றிச் சொல்ல வேண்டும். இதெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. திருடியதைத் திருப்பித் தர முடிந்தும் தராதவனுக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று பழைய காலத்து ஆயர் புனித அகுஸ்தினாரே எழுதியிருக்கிறார், திருச்சபையின் மறைக்கல்வி நூலிலும் 2412ஆம் எண்ணில் இருக்கிறது. நமக்குத்தான் யாரும் வாசித்துக் காட்டவில்லை.

கேள்வி நேரம் நன்றாக இருந்தது. ஆள் செத்துப்போயிருந்தால்? வாரிசுக்குக் கொடு. ஆளே தெரியாது, முப்பது வருடத்துக்கு முன் கடையில் எடை குறைத்து விற்றது என்றால்? ஏழைக்குக் கொடு, "எங்க உண்டியலுக்கு வேண்டாம்" என்று சேர்த்துச் சொன்னார். கையில் காசே இல்லை என்றால்? முடிந்தபோது முடிந்த அளவு, ஆனால் மனதுக்குள் தள்ளுபடி செய்துகொள்ளாதே. நான்தான் என்று தெரிந்தால் மானம் போய்விடுமே? பெயர் சொல்லாமல் கொடு, வேண்டுமானால் ஒரு சாமியார் மூலமாகக் கொடு, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் யாரிடமும் வாய் திறக்க முடியாது.

அன்று சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் ஆபீஸ் அலமாரியைத் திறந்து எல்லாருடைய போனையும் அரை மணி நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று பைபிளில் இருக்கிறதல்லவா, அதைச் செய்யத்தானாம். தோட்டம் முழுக்க ஆட்கள். பலாமரத்தடியில் வேட்டி கட்டிய ஒருவர் யாரிடமோ, "ஜிபே நம்பர் பழசுதானே? இல்ல, ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன், நீ நம்பரை மட்டும் சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு அம்மா கெபிக்கு (சொரூபம் வைத்த குகைக்கு)ப் பக்கத்தில் நின்று பேசாமல் அழுதுகொண்டிருந்தார், எதிர்முனையிலும் அழுகைதான் என்று நினைக்கிறேன். நாலைந்து பேர் போனை வாங்கியதும் வாட்ஸப் பார்த்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாவசங்கீர்த்தனம் கேட்க நாலு சாமியார்கள், அவசரமே இல்லை. பாவப் பரிகாரமாக எனக்குக் கொடுத்த அபராதம் என்ன என்று சொல்லப்போவதில்லை, ஆனால் மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிவிட்டு எழுந்து போகிற வகை இல்லை.

இப்போது குறைகள். சனி இரவு ஆராதனையில் கீபோர்டு சத்தம் தாங்க முடியவில்லை, பகலெல்லாம் பேசிய அமைதி அந்த ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. புத்தகக் கடையில் பாதி மெழுகுவர்த்தி. இதெல்லாம் பரவாயில்லை.

பெரிய குறை சமையல்கட்டில் இருக்கிறது. ஞாயிறு பத்து மணிப் பூசை நடந்துகொண்டிருந்தபோது மாத்திரை போட வெந்நீர் கேட்டு அங்கே போனேன். நாலு அக்காமார் பிரியாணிக்கு வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கழுத்தில் உத்தரியம், பக்தியாக அணியும் துணிப் பதக்கம். "பூசைக்கு வரலையாக்கா?" என்றேன். "நாங்க வந்துட்டா நீங்க எதைச் சாப்பிடுவீங்க?" என்றார் சிரித்துக்கொண்டே. சனி சாயங்காலப் பூசை கண்டாலும் ஞாயிறு கடன் தீர்ந்துவிடும், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் இரவுச் சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்தார்கள். தியான சீசன் முழுக்க வாராவாரம் இப்படித்தானாம். கூலி சரியாக வருகிறதாம், கேட்டேன். பூசைதான் இல்லை. பனீரையும் பிரியாணியையும் விட்டுவிட்டு உப்புமாவும் புளியோதரையும் போட்டால், தட்டை நாமே கழுவினால், அவர்களும் வந்து உட்காரலாம். அந்த மூன்று கட்டத் தாளில் ஒன்றை இல்லத்து நிர்வாகமும் எடுத்து எழுத வேண்டும். கிளம்பும்போது பொறுப்பாளர் சாமியாரிடம் இதைச் சொன்னேன். கோபப்படவில்லை, "பார்க்கிறேன்" என்றார். பார்ப்பார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பார்க்கும்வரை ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்தான் போடுவேன்.

அற்புதம், வெளிப்பாடு என்று தேடிப் போகிறவர்களுக்கு இது போர் அடிக்கும். வியாபாரம் செய்கிறவர்கள், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள், சொத்துத் தகராறில் பேச்சு வார்த்தை நின்றுபோன குடும்பங்கள் கட்டாயம் போகலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ உண்டு, இரவு எட்டுக்கு மேல் கிடையாது. குழந்தைகளை அனுமதிப்பதில்லை, பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை, அதனால் கணவன் மனைவி சேர்ந்து போக நினைத்தால் பாட்டி வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.