டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ: ஆபீஸ் பெட்டியில் பிளேஸ்டேஷன் 2

அலுவலகங்கள் கழித்துவிட்ட குட்டிக் கணினிகள் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவில் 'ரீஃபர்பிஷ்' என்ற பெயரில் மறுபடி விலைக்கு வருகின்றன. அவற்றில் பழைய கேம்களுக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால், ஐ5-8500டி சிப் உள்ள டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோவைத்தான் கைகாட்டலாம்.

ராஸ்பெரி பை என்ற கையடக்கச் சிறு கணினி போதாதா? சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், முதல் பிளேஸ்டேஷன் வரை பை 4 தாராளம். பிளேஸ்டேஷன் 2 என்றால் கதை வேறு. பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் (அந்த கன்சோலைப்போல நடந்து அதன் கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்காக எழுதப்பட்டது. பையில் இருப்பது ஆர்ம் சிப். மேலும் அந்த கன்சோலின் 294 மெகாஹெர்ட்ஸ் சிப்போடு இரண்டு வெக்டர் யூனிட்களும் (கணக்குப் போடும் துணைப் பகுதிகள்) சேர்ந்தே ஓடும். எமுலேட்டர் இந்த வேலையை முக்கியமாக ஒரே நேரத்தில் ஓடும் மூன்று த்ரெட்களாகப் பிரிக்கிறது. ஆகவே கோர் எத்தனை என்பதைவிட ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பதே கணக்கு. 8500டி 6 கோர். உச்ச வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ். பெரும்பாலான கேம்களுக்கு இது போதும். கிரான் டூரிஸ்மோ 4 மாதிரி கனமானவற்றில் ரெசல்யூஷனை ஒரிஜினல் அளவிலேயே விட்டுவிடுங்கள். பிளேஸ்டேஷன் 3 ஆசை இருந்தால் இந்தப் பெட்டி வேண்டாம்.

பல கடைகளில் 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாகப் போட்டிருப்பார்கள். இந்தச் சிப்பின் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போடும். டிடிஆர்4-2666 ஒரு குச்சி என்றால் வினாடிக்கு 21 ஜிபி, இரண்டு என்றால் 42 ஜிபி. அதே அளவில் இன்னொரு லேப்டாப் ரேம் வாங்கிச் சொருகுங்கள். பெட்டிக்குச் செய்யும் மற்ற எந்தச் செலவும் இவ்வளவு பலன் தராது.

பலரும் ஏமாறுவது அடாப்டரில். டெல் பிளக்கின் நடுவில் ஊசிபோல ஒரு பின் உண்டு. அடாப்டர் எத்தனை வாட் என்பதை அதன் வழியாகத்தான் பெட்டி தெரிந்துகொள்கிறது. மலிவு அடாப்டரிலோ, அந்தப் பின் வளைந்திருந்தாலோ, பெட்டியை ஆன் செய்யும்போது 'அடாப்டர் வகை தெரியவில்லை' என்று எச்சரிக்கை வரும். எஃப்1 அழுத்தினால் வேலை செய்வதுபோலத் தோன்றும். ஆனால் சிப் வேகம் குறைந்துவிடும், கேம் ஆமை நடை போடும். எமுலேட்டர் செட்டிங்கைக் குடைந்து பயனில்லை. 19.5 வோல்ட், 65 வாட் ஒரிஜினல் அடாப்டர்தான் தேவை.

பணம் கொடுக்குமுன் கடையிலேயே எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (பெட்டியின் அடிப்படை செட்டிங் திரை) போய்ப் பாருங்கள். அட்மின் பாஸ்வேர்ட் கேட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய நிறுவனம் பூட்டியது, கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது. உள்ளே போக முடிந்தால் 'செக்யூர் பூட்' (Secure Boot) வசதியை அணைத்து, டிஸ்க் இணைப்பு முறையான சாட்டா ஆப்பரேஷன் 'ரெய்ட் ஆன்' என்றிருந்தால் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் படோசேராவுக்கு (பழைய கேம்களை ஓட்டவென்றே உள்ள இலவச இயங்குதளம்) உள்ளிருக்கும் என்விஎம்இ டிஸ்க் தெரியாது. (விண்டோஸை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம், இந்த மாற்றத்தோடு அது திறக்காமல் போகலாம்.) பிறகு எஃப்12 அழுத்தி படோசேராவை யூஎஸ்பியிலிருந்து ஏற்றலாம்.

மூடிக்குப் பின்னால் ஒரே ஒரு திருகுதான். கழற்றி ஃபேன் தூசியை ஊதி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டைப் புதிதாகத் தடவுங்கள். நம் ஊர்ச் சூட்டில் காய்ந்துபோன பேஸ்டோடு ஓட்டினால் ஃபேன் சத்தம் கேம் இசையை விழுங்கிவிடும்.

வயர்லெஸ் கன்ட்ரோலரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளை (யூஎஸ்பியில் சொருகும் சிக்னல் வாங்கி) முன்பக்கம் சொருகினால் பட்டன் அவ்வப்போது தவறும். அங்கிருப்பவை யூஎஸ்பி 3 துளைகள். அவை கிளப்பும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. பின்பக்க யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஓர் எக்ஸ்டென்ஷன் வயர் போடுங்கள். ஜாலான் பாசார் எலக்ட்ரானிக் கடைகளில் அந்த வயருக்கு அலைய வேண்டியதில்லை.

திரைக்கு 1920×1200 கொண்ட பழைய மானிட்டரைத் தேடலாம். பழைய கேமின் 240 வரி ஐந்து மடங்கானால் சரியாக 1200. 1080 திரையில் நான்கரை மடங்கு வந்து புள்ளிகள் சீரில்லாமல் தெரியும். டெல் யூ2412எம் இந்த வகை. அதில் ஹெச்டிஎம்ஐ கிடையாது. ஆனால் 3060இல் டிஸ்ப்ளேபோர்ட் இருப்பதால் கவலையில்லை.